காலிக் கட்டில்களின் சாதனை

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டுக் கட்டில்கள். பதினெட்டும் காலி. பெருந்தொற்றுக்கு முன்பு ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்க, மூன்றாவது பிள்ளை இடம் கேட்டு அலறும் இடம் அது. இப்போது உள்ளே வர ஈயும் யோசித்தது.

இதைத் தன் சாதனையாக எடுத்துக்கொண்டவர் கண்காணிப்பாளர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'புள்ளிவிவரம்'. சரிந்து இறங்கும் கோடு போட்ட படம் ஒன்றைக் கதவருகே மாட்டி, வருவோர் போவோரை நிறுத்திக் காட்டுவார்.

"போன மாசமே கேஸ் எழுபது சதவீதம் குறைஞ்சிருக்கு! எல்லாம் நாம ஏற்படுத்தின விழிப்புணர்வு!"

கடையில் ஈ ஓட்டுவதை அமோக விற்பனை என்று விழா எடுக்கும் முதல் முதலாளி அவராகத்தான் இருக்கும்.

தலைமை நர்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் அலறலுக்கு நடுவே வேலை பார்த்த காதை அந்த அமைதி குடைந்தது. பிள்ளைகள் காசு முழுங்குவதை விட்டுவிட்டார்களா? மாடிப்படியில் உருளுவதை? குடல்வால் வீக்கம் ஊரடங்குக்குக் கட்டுப்பட்டு வீட்டோடு இருக்கிறதா? விரித்த விரிப்பையே உதறி விரித்தாள். அன்று காலை ஏழாவது தடவையாக வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் காவலாளி. நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டும் அதிகாரம் கிடைத்த நாள் முதல் அவர் பாதி டாக்டர். விதி எளிது. காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் முதலில் வெளியே போட்ட கூடாரம்; அங்கே தொற்றுச் சோதனைக்குச் சளி எடுத்து, முடிவு வந்தபின்தான் உள்ளே. முடிவுக்கு ஆறு மணி நேரம்.

ஒரு தாய், தோளில் துவண்ட ஆறு வயது மகளோடு அவர் முன் நின்றாள்.

"மூச்சு வாங்குது. கூடாரம்," தீர்ப்பு வந்தது.

"காய்ச்சலே இல்லண்ணே! நாலு நாளா குடம் குடமா தண்ணி குடிக்கிறா, பாத்ரூமுக்கே நடையா நடக்கிறா. காலைலேர்ந்து கண்ணே தொறக்கல."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. போய் வரிசைல நில்லு."

நர்ஸ் அந்த மூச்சைப் பார்த்தாள். ஆழமாக, அவசரமாக, யாரோ துரத்துவதுபோல் ஓடும் மூச்சு. சளி கட்டிய மூச்சல்ல. அழுகிய பழ வாசனை வேறு. பையிலிருந்த கருவியை எடுத்துப் பிள்ளையின் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள். கருவி எண் காட்டவில்லை. தன் அளவையெல்லாம் தாண்டிவிட்டது என்று கைவிரித்தது.

"சர்க்கரை ஏறின மூச்சுய்யா இது! ஆறு மணி நேரம் தாங்காது!"

பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினாள். கதவை மறித்து நின்றார் புள்ளிவிவரம்.

"ரிசல்ட் இல்லாம உள்ள விட்டா நாளைக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். தள்ளுங்க, வழியில நிக்கறீங்க."

"எழுத்துல வேணும்!"

"கையில புள்ளை இருக்கு சார். பேனா நீங்களே புடிங்க."

அவர் சட்டைப்பையில் பேனா தேடிய நேரத்தில் அவள் உள்ளே போய்விட்டாள். டாக்டரம்மா பாய்ந்து வந்தார். ஊசி, சலைன், இன்சுலின். மூச்சு ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குவதற்குள் மத்தியானம் கடந்துவிட்டது. நாலு மணிக்குப் பிள்ளை கண்ணைத் திறந்து, "அம்மா" என்றது.

"தேறிடுவா. ஆனா கூடாரத்துல உக்கார வெச்சிருந்தா..." டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் அடுத்த இன்சுலின் அளவை எழுதினார்.

நர்ஸ் தாயின் பக்கம் திரும்பினாள். "நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணிக் கேட்டேங்க்கா. வீட்லயே இருங்கன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா புள்ளையைப் பிரிச்சு வெச்சிடுவாங்கன்னு தெருவே பயப்படுது. பக்கத்து வீட்டுப் பையனும் மூணு நாளா வயித்து வலியில துடிச்சான், அவங்களும் வரல. நல்லவேளை, நேத்து ராத்திரி வலி சட்டுனு நின்னு போச்சாம்."

நர்ஸின் கை சலைன் பாட்டில்மேல் அப்படியே நின்றது.

"வலி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம், அடிவயிறு. ஏங்க்கா?"

வீங்கிய குடல்வால் உள்ளேயே வெடித்தாலும் வலி இப்படித்தான் சட்டென்று நிற்கும். வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். விஷம் தூங்காது.

"இப்ப எப்படி இருக்கான்?"

"காலைல கேட்டப்ப அசந்து தூங்கறான்னாங்க. உடம்பு மட்டும் கொதிக்குதாம்."

"போன் போடு."

"அவங்க பயப்படுவாங்கக்கா..."

"பயப்படட்டும், போடும்மா!"

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மறுபடி போடு," என்றாள் நர்ஸ், ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆம்புலன்ஸ் டிரைவரைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே. "அப்படியே வீட்டு அட்ரஸைச் சொல்லு."