அஞ்சேகால் மணி டிபன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காக நின்ற புஷ்பதந்தனைக் காட்டி, இவர் இருபத்து மூன்று வருஷமாகப் பேய்க்கதைப் பத்திரிகை நடத்துகிறவர் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு, கையில் மனைவி சுப்ரியா திணித்தனுப்பிய தண்ணீர் பாட்டில். காலடியில் எறும்புச் சாரை ஒன்று போகிறதென்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். எறும்புக்கு வழிவிடுகிற இந்த மனுஷன்தான் 'குலைநடுக்கம்' பத்திரிகைக்கு ஆசிரியர். கேட்டால் சிரிப்பு வருமா வராதா? அவர் வீட்டிலேயே சிரித்தார்கள்.

சொந்த ஊர் அனந்தபுரம் பக்கம். பரம்பரைச் சமணக் குடும்பம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற நிலம். இவர் மட்டும் திண்டிவனத்துக்கு வந்து கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டார். கல்லூரிக் காலத்திலேயே பேய்க்கதை எழுதி வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போன வேகத்தில் எல்லாம் திரும்பி வந்தன. ஒருநாள் நண்பர் ஜெகதீசன்தான் சொன்னார்: "கடையில மெஷினை வச்சிக்கினு ஊரான் பத்திரிகைக்கு ஏன்யா லோலோன்னு அலையற?" அப்படிப் பிறந்ததுதான் குலைநடுக்கம். பெயருக்குக் காலாண்டிதழ். வருஷத்துக்கு மூன்று வந்தால் அதிசயம். அட்டைப்படம் ஜெகதீசன் வரைவார். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வேலை. "நான் நாள் பூரா ரத்தம் எடுக்கறேன், நீ ரத்தமே இல்லாம பேய்க்கதை எழுதற, நல்ல ஜோடிய்யா நாம" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அது உண்மைதான். புஷ்பதந்தனின் கதைகளில் ஒரு சாவுகூடக் கிடையாது. பேய் வரும், வாசலில் நிற்கும், பேர் சொல்லிக் கூப்பிடும், போய்விடும். கொலை எழுத உட்கார்ந்தால் அவருக்குக் கையே ஓடாது. ஒரே ஒரு தடவை மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கொடுங்கோலனைக் கிணற்றில் தள்ளினார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கயிறு போட்டு அவனை மேலே தூக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

போன மாதம் வந்தது வினை. யூடியூபில் ஒரு பொடியன் குலைநடுக்கத்தின் அறுபத்திரண்டாம் இதழைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவரு பேய்ங்களுக்குப் பல்லே முளைக்கலைங்க. எல்.கே.ஜி. பசங்களைத் தூங்க வைக்க யூஸ் பண்ணலாம்" என்று கால்மணி நேரம் கிழித்தான். புஷ்பதந்தன் அதை நாலு தடவை பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் வந்த வாசகர் கடிதங்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அருமை, சிறப்பு, தொடர்க, வாழ்த்துகள். ஒரு கடிதத்தில்கூட 'பயந்துவிட்டேன்' என்று ஒரு சொல் இல்லை. அடக் கடவுளே, யாருமே பயப்படாத பேய்க்கதையை எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விழுப்புரத்தில் முதல்முறையாக வாசகர் சந்திப்பு வைக்கிறேன் என்று ஜெகதீசன் குதித்தபோது சரி என்றது அதனால்தான். வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, இத்தோடு பத்திரிகை நின்றது என்று அறிவித்துவிட வேண்டும். விஷயம் சுப்ரியாவுக்கு மட்டும் தெரியும். "நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. அதுக்கப்புறம் வீட்ல மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு உக்காரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அவள். விக்கிரவாண்டி தாண்டும் வரை அவர் அந்த மூஞ்சியோடுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பத்துப் பேர் வந்தாலே பெரிசு என்று நினைத்துப் படியேறியவருக்கு மூச்சடைத்துவிட்டது. முப்பத்து நாலு பேர்! பெஞ்சு போதாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பழைய இதழ்களை பைண்ட் பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள். புஷ்பதந்தனுக்கு வாயெல்லாம் பல். நடுவில் தான் சொல்லவேண்டியது ஞாபகம் வந்து, பல்லை மூடிக்கொண்டார்.

"அஞ்சேகாலுக்கு டிபன் குடுத்துடறோம் நயினாரே" என்றார் ஜெகதீசன், சமணர்களை ஊரில் கூப்பிடுகிற மாதிரியே. "உனக்கு மட்டும் முன்னாடி, மத்தவங்களுக்கு ஏழு மணிக்குத்தான் சொல்லியிருந்தேன். ஆறுக்கு மேல ஒருத்தரும் கைவைக்க மாட்டாங்களாம். ஒரே பேஜாரு. ஹோட்டல்காரன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி முன்னாடியே வாங்கியாந்தேன்."

புஷ்பதந்தனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பூச்சி விழும், ஒரு உயிர் போகும். அதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொண்டு தனக்காகச் செய்கிறார்களே! இப்பேர்ப்பட்ட ஜனங்களிடம் போய் நிறுத்தப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? இட்லி வடையை அவர்கள் வாயில் போட்ட வேகத்தைத்தான் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று ஒருவரை ஒருவர் முடுக்கினார்கள். இரண்டு பேர் அடிக்கடி ஜன்னல் வழியாக வெயில் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

டிபன் முடிந்து அவர் பேச எழுந்தார்.

"மொதல்ல ஒரு நன்றி. எங்க வீட்டு வழக்கத்தை மதிச்சு, எனக்காக நீங்க அத்தினி பேரும் பொழுதோட சாப்ட்டீங்க..."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முகையூரில் தையல் கடை வைத்திருக்கிற கலைப்பிரியா. அறுபத்திரண்டு இதழும் தன்னிடம் இருக்கிறதென்று வந்ததுமே அறிமுகம் செய்துகொண்டவள்.

"வழக்கமா சார்? அது கதையில வர்ற விதி இல்லீங்களா?"

"என்ன விதிம்மா?"

"உங்க கதையில அத்தினி பேரும் பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சிடறாங்களே சார். லாரி டிரைவரு அஞ்சரைக்கே ராச்சாப்பாடு முடிக்கறாரு. போலீஸ்காரரு முடிக்கறாரு. கல்யாண ரிசப்ஷன்ல ஆறு மணிக்கு எலை எடுத்துப் போட்டுடறாங்க. அதுக்கப்புறம்தான் பேய் வருது, வந்து ஒண்ணும் பண்ணாம போயிடுது. ஏன் போயிடுதுன்னா, யாரும் இருட்டுல சாப்பிடல. சாப்ட்டுக்கினு இருந்திருந்தா விட்டிருக்காது. நீங்க அதை எங்கியும் வாயைத் தொறந்து சொல்லல பாருங்க, அதுதான் சார் பயமே!"

ஆமாம் ஆமாம் என்று நாலாபக்கமும் தலைகள் ஆடின. இதைப் பற்றிப் பேசவே ஒரு வாட்ஸப் குழு நடக்கிறதாம்.

புஷ்பதந்தன் மனசுக்குள் ஒவ்வொரு கதையாக ஓட்டிப் பார்த்தார். அட ராமா! லாரி டிரைவர், போலீஸ்காரர், கல்யாணக் கூட்டம், சுடுகாட்டு வெட்டியான் உட்பட ஒரு ஜீவன் பாக்கியில்லாமல் எல்லாரும் சூரியன் இருக்கையிலேயே கைகழுவியிருந்தார்கள். உலகம் முழுக்கத் தன் வீடு மாதிரியே சாப்பிடுகிறது என்று கை பாட்டுக்கு எழுதித் தள்ளியிருக்கிறது. ஜெகதீசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருவத்து மூணு வருசமா நானும்தானே படிச்சிக்கினு வர்றேன், எனக்கு இது தோணவே இல்லியேய்யா!"

பொய் சொல்ல அவருக்கு வராது. "அது விதியெல்லாம் இல்லம்மா. என் தப்பு. எங்க வீட்ல அப்படி, அதனால அப்படியே எழுதிப்புட்டேன். இருட்டுல சாப்ட்டா ஒண்ணும் வராது. பூச்சி கீச்சி விழுந்தா தெரியாது, அவ்வளவுதான்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர்கள் கண்டுபிடித்த ஒரே பயமும் கைத்தவறுதலாகப் போயிற்றே. இனி அறிவிப்பைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார்.

"பூச்சியோ பேயோ, எனக்குத் தெரியாது சார்" என்று கலைப்பிரியா முந்திக்கொண்டாள். "எட்டு மணிக்கு எங்கம்மா தட்டை வச்சா, என் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் வந்து நிக்கறாங்க. எத்தினி கவளம்னு எண்ணிக்கினு நிக்கறாங்க. மூணு வருசமா நான் பொழுதோட சாப்ட்டுடறேன். எங்க வீட்டுக்காரரு மொதல்ல கத்துனாரு. இப்ப அவரும் என்னோட ஒக்காந்துக்கறாரு."

இதைவிட இனிப்பான வார்த்தையை அவர் ஆயுசில் கேட்டதில்லை. பயந்திருக்கிறாள்! ஒரு வீடே பயந்திருக்கிறது!

அப்போது படியில் தடதடவென்று சத்தம். மின்வாரிய லைன்மேன் புகழேந்தி, இன்னொரு வாசகர், டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். ஆறடி ஆள், மீசையே அரையடி. மத்தியானம் முதல் சாப்பிடவில்லை என்றதும் ஜெகதீசன் மிச்சமிருந்த இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினார். விஷயத்தையும் சொன்னார்கள். விதியும் இல்லை ஒன்றும் இல்லை, ஆசிரியரே சொல்லிவிட்டார்.

"அப்ப சாப்பிடலாங்களா சார்?"

"தாராளமா சாப்பிடுங்க" என்றார் புஷ்பதந்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். புகழேந்தியும் சிரித்துக்கொண்டே ஒரு விள்ளல் பிட்டுச் சட்னியில் தொட்டார். ஜன்னலில் கடைசி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. லைட் போட யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. முப்பத்து நாலு பேரும் அந்த ஒரு கையைப் பார்த்தார்கள். கை வாய்ப் பக்கம் பாதி தூரம் வந்து நின்றது. சட்னி மணிக்கட்டில் வழிந்தது.

ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள் என்று இன்னொரு தடவை சொல்லத்தான் புஷ்பதந்தன் நினைத்தார். ஒன்றுமில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அவரும்தான் ஐம்பத்து நாலு வருஷத்தில் ஒருநாள்கூட இருட்டில் சாப்பிட்டதில்லை. அவர் அப்பா சாப்பிட்டதில்லை. தாத்தா சாப்பிட்டதில்லை. சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏதோ ஏறியது. கழுத்து மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை.

"வேணாங்க புகழேந்தி. வச்சிடுங்க" என்றார்.

அந்த ஆறடி ஆள் விள்ளலைத் தட்டில் போட்டுவிட்டு, ஒற்றை விரலால் தட்டை பெஞ்சின் நடுப்பக்கம் மெல்லத் தள்ளினார். முன்வரிசையில் இருந்தவர்கள், ஒருவரும் சொல்லாமலேயே, பெஞ்சைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.