சூடு ஏறாத கயிறு

பத்து மணி டீ நேரத்தில் உஷாராணி லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தாள். புருஷன் விமலன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனும் அவள் தம்பி பவனேஷும் எஸ்டேட்டுகளில் தண்ணித் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள். இந்த வாரம் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் வேலை. படத்தில் தொட்டியின் உச்சியிலிருந்து வெள்ளைக் கயிற்றில் உட்காரும் பலகை தொங்கியது. என் கயிறு பிஞ்சு போச்சு, வீட்டுல கிடந்த உன் கயிறு சூப்பர்லா என்று எழுதியிருந்தான்.

ஐயோ, அந்தக் கயிறா!

புஞ்சாக் ஆலாமில் அவள் வேலை பார்க்கும் பாக்டரியில் நூலை ஓவனுக்குள் விட்டு, இருநூற்று முப்பது டிகிரி சூட்டில் இழு இழு என்று இழுப்பார்கள். நூலுக்குப் பலமே அந்தச் சூட்டில்தான் வரும். பிறகு அங்கேயே கயிறாகத் திரிப்பார்கள். சூடு குறைந்து வந்த கயிறு பார்வைக்கு அச்சு அசல் நல்ல கயிறுதான். பலம் பாதிகூடத் தேறாது. அதனால் முனையில் சிவப்புச் சாயம் அடித்து ஒதுக்கிவிடுவார்கள். துணி காயப்போட, ஆடு கட்ட, வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உஷாராணியும் ஒரு சுருள் கொண்டுபோனாள். மகள் சடங்குக்குப் பந்தல் கட்டும்போது சிவப்பு அசிங்கமாகத் தெரிகிறது என்று இந்த மகராசி முனையை நறுக்கி எறிந்துவிட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லவில்லை.

ஆறு தடவை கூப்பிட்டாள். மேலே ஏறியவன் எங்கே எடுப்பான்? சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பத்தாங் பெர்ஜுந்தாய் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வழி விடவில்லை. வாய் மாரியம்மா மாரியம்மா என்று முனகிக்கொண்டே வந்தது.

தொட்டிக்குக் கீழே மோட்டாரைப் போட்டுவிட்டு அண்ணாந்தாள். அறுபது அடி உயரத்தில் விமலன் பலகையில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவான். திரும்பினால் கயிறு உதறும். பதறாமல், அவனுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, ஆடாம பக்கத்து ஏணியப் பிடிங்க. அந்தக் கயிறு தாங்காது.”

அவன் சிரித்தான். எங்க கயிறு லோரியையே இழுக்கும்னு நீதானே பீத்திக்குவே என்றான்.

“நான் செஞ்சதுங்க. அதனாலதான் சொல்றேன். அது சூடு ஏறாத கயிறு.”

சிரிப்பு நின்றது. ஒரு கை ஏணிக்கு நீண்டது, அப்புறம் ஒரு கால். பலகை ஆட்டம் கண்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் ஏணியில் இருந்தான். இறங்கி மண்ணில் கால் வைத்ததும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அழுதாள். அவனைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள்.

அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“பாதிய அறுத்து உன் தம்பிகிட்ட கொடுத்தேன். பின்பக்கம் தொங்கறான். காதுல பாட்டு மாட்டியிருக்கான்.”

இருவரும் ஓடினார்கள். தொட்டியைப் பாதி சுற்றுவதற்குள் மேலே எதுவோ படீரென்று அறுந்தது. உஷாராணியின் கால் அங்கேயே நின்றுவிட்டது. விமலன் மட்டும் ஓடினான்.