அடிப்பாரம்

தையல் தொழிற்சாலையின் கணினி அறைக்கு அன்று வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள். அண்ணனையும் தம்பியையும் கட்டிய ஓரகத்திகள். வீட்டில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். வேலையில் மட்டும் ஒருத்தி கையை நீட்டினால் மற்றவள் கேட்காமலே திருப்புளியை வைப்பாள்.

ஆளுயர இரும்பு ரேக்கிலிருந்து, கணினிகளை இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். அடித்தட்டில் ஆயுள் முடிந்த எட்டு யூபிஎஸ் பேட்டரிகள் இருந்தன. இரண்டு வீங்கி, அமிலம் கசிந்துகொண்டிருந்தது.

"பின்னாடி குப்பைமேட்டுல போட்டுடுங்களேன்," என்றார் மேலாளர்.

"ஈயம் சார் அது. மண்ணுல இறங்கினா கிணத்துத் தண்ணி போச்சு. உரிமம் இருக்கிற இடத்துலதான் குடுக்கணும், சட்டம் அப்படி," என்ற மூத்தவள், பழைய சுவிட்சையும் எட்டுப் பேட்டரிகளையும் வேனில் ஏற்றினாள். கிளம்பும்போது இளையவளிடம் சொன்னாள்: "ரேக்கைத் தரையோட போல்ட் போடவே இல்லை. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே."

"சரிக்கா."

மேலாளர் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார். "நெட்வொர்க் இல்லாம லேபிள் அடிக்க முடியலம்மா. லாரி நிக்குது."

அக்கா வந்தால்தான் தனக்குக் கை ஓடுமா என்று இளையவளுக்கு ரோஷம் வந்தது. புதிய சுவிட்சை மேல்தட்டில் வைத்துத் திருகினாள். பின்பக்கம் கேபிளைச் செருக இடம் போதவில்லை. நடுத்தட்டுக் கனத்த சர்வரை முன்னால் இழுத்தாள்.

ரேக் தலைசாய்த்தது.

கீழே பாரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கைகளையும் தோளையும் கொடுத்துத் தாங்கினாள். பாதங்கள் வழுக்கின. விளிம்புத் தகடு உள்ளங்கையைக் கிழித்தது. சர்வரின் மின்கம்பி இழுபட்டு, இரும்பு முனையில் அறுபடத் தொடங்கியது. உறைக்குள்ளிருந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. அது ரேக்கைத் தொட்டால் மின்சாரம் அவள் உடம்பிலும் பாயும்.

"யாராவது வாங்க!"

சுவருக்கு அப்பால் இருநூறு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கைபேசி மேசையில், நான்கடி தள்ளி. விலகி ஓடலாம் என்றால் பின்னால் சுவர். பள்ளியில் இருக்கும் மகளை யார் கூட்டிவருவார்கள் என்ற நினைப்பு சம்பந்தமில்லாமல் வந்தது.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கதவு திறந்தது.

"கசியற பேட்டரியை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியிலதான் வாங்குவானாம், திருப்பி அனுப்பிட்டான், பாவி," என்று முணுமுணுத்தபடியே வந்த மூத்தவள் உறைந்து நின்றாள். ஒரே ஒரு கணம்தான். முதலில் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடி. நான் சொன்னதும் தள்ளு. இப்போ!"

ரேக் நிமிர்ந்தது. மூத்தவள் சர்வரை உள்ளே தள்ளினாள். அடுத்த நொடி இளையவளின் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அடித்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

லாரியைப் பற்றிப் பேச வந்த மேலாளர், தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துப் பஞ்சும் கட்டும் எடுத்துவர ஓடினார். பெண்கள் இருவரும் மூடி போட்ட பெட்டி வாங்கிவந்து பேட்டரிகளை ஒப்படைத்தார்கள். தரையில் துளைபோட்டு ரேக்கை இறுக்கினார்கள். மின்கம்பியை மாற்றி, சர்வரை அடித்தட்டுக்கு இறக்கினார்கள். மாலையில் புதிய சுவிட்சில் பச்சை விளக்குகள் சிமிட்டின. இளையவள் ரேக்கின் நேர் எதிரே போகவே இல்லை. வாசலில் நின்றே கருவிகளை நீட்டினாள்.

வேனில் ஏறியதும் கேட்டாள்: "அக்கா, வீட்டுல சொல்லிடாதீங்க."

"சொல்லாம எப்படி? போல்ட் இல்லாத ரேக்குல அடிப்பாரத்தை உருவினவ நான். அதோட உன்னைத் தனியா விட்டுட்டுப் போனேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

தெருமுனை தாண்டியதும் மூத்தவள் வண்டியை ஓரங்கட்டினாள். இளையவளின் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.