மேட்டில் மட்டும் வரும் கோளாறு

இடுப்பின் வலப்பக்கம் விண்விண்ணென்று தெறித்தது. செட்டிகுளத்தில் ஏறி, பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூரில் இறங்க வேண்டும். சாயங்காலம் அதே பாடு திரும்பவும். அபிநயாவின் இடக்கால் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிவிட்டது. நிற்கிற பாரமெல்லாம் மற்றக் காலுக்கும் இடுப்புக்கும்தான். கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கியதே அதனால்தான். அந்தக் கார்தான் இப்போது மெக்கானிக் வீரமணியின் ஷெட்டில் நிற்கிறது.

காருக்கு வந்தது ஒரு தினுசான நோய். சமதரையில் ஒழுங்காக ஓடும். மேடு ஏறினால் ஒரு இடி இடிக்கும், மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு உறுமும். அணைத்துப் போட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி போகும். திருச்சியில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்குப் பழைய காரே இன்னொன்று வாங்கலாம் என்று அண்ணன் செல்லதுரை வண்டியை விற்க ஆள் பேசிவிட்டான். சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார்கள். கார் போனால் இனி பஸ்தான். பஸ் என்றால் அரியலூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையும் ரொம்ப நாள் ஓடாது. அதை இடுப்பே சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள். வீரமணி சிமெண்ட் லாரிகளுக்கு ஒயரிங் பார்த்துப் பழகியவன். ஆட்டோமேட்டிக் வண்டி அவனுக்குப் புதுசு. அதனாலேயே விட மனசில்லாமல் நோண்டிக்கொண்டிருந்தான். கியர்பாக்ஸில் வேகத்தை அளந்து சொல்கிற சென்சாரிடமிருந்து தகவல் அவ்வப்போது நின்றுபோகிறது என்று ஸ்கேனர் காட்டியதாம். புதுச் சென்சார் போட்டும் கோளாறு போகவில்லை. ஒயரை மீட்டர் வைத்துப் பார்த்தால் அதிலும் குறையில்லை.

"சென்சாரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. இதுல பொய் சொல்றது யாருன்னுதான் தெரியல யக்கா."

"எப்ப வெச்சுப் பார்த்த?"

"இங்கதான். நிக்கையில."

"காய்ச்சல் அடிக்கையில ரத்தம் எடுத்தாத்தான் கிருமி தெரியும். நீ காய்ச்சல் வுட்டப்புறம் ஊசி குத்திக்கிட்டிருக்க."

வீரமணி காரைச் சுற்றி வந்தான். மேட்டில் ஓடுகிற வண்டிக்குள் மீட்டர் வைக்க முடியாது. மேட்டை வேண்டுமானால் இங்கே கொண்டுவரலாம். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இஞ்சினுக்கு மேடும் இதுவும் ஒன்றுதான் என்றான். பேட்டரிக்குப் பக்கத்துச் சாக்கெட்டைக் கழற்றி, சென்சாருக்குப் போகும் ஒயரில் மீட்டரை மாட்டினான்.

"நீங்க ஏறி ஒக்காருங்க. இடது காலால பிரேக்க..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அந்தக் கால் இருந்தா கிளட்ச் வண்டியே ஓட்டியிருப்பேன், ஒன்கிட்ட வந்து ஏன் நிக்கிறேன்? நீ ஏறு. மீட்டர நான் பாக்குறேன்."

அவன் ஏறினான். அவள் ஓரமாக நின்று, திறந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மீட்டரில் எண் அசையாமல் நின்றது. அவன் மிதித்ததும் இஞ்சின், நுகத்துக்கு முரண்டுகிற மாடு மாதிரி பின்னால் சாய்ந்தது. எண் காணாமல் போனது. காலை எடுத்தான், எண் வந்தது. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னாள். மறுபடியும் போனது. இடுப்பு வலி நினைவில்லாமல் இன்னும் ஒரு தடவை என்றாள்.

இஞ்சின் சாயும்போது ஒயர் இழுபட்டு எங்கேயோ விட்டுப்போகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கித் தாங்கு வைத்து வீரமணி அடியில் புகுந்தான். ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் விறைப்பாக நின்றது. பக்கத்தில் சக்கரத்துக்குப் போகிற தண்டில் காய்ந்த கொடி ஒன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பிய்த்து அவள் கையில் போட்டான்.

"ஒயர் தேயல யக்கா. அறுத்திருக்கு. பாதி கம்பி பச்ச புடிச்சுப் போச்சு, மீதிதான் தொட்டுக்கிட்டு இருக்கு."

திருச்சிக்காரர்கள் வேண்டுமென்றே அறுத்திருப்பார்கள், ஆள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்போமா என்று அடியில் கிடந்தபடியே கொதித்தான். அபிநயா கொடியைக் கசக்கினாள். தட்டையாக ஒரு பழுப்பு விதை உள்ளங்கையில் விழுந்தது. கொள்ளு.

"திருச்சிக்காரன் இல்ல. கருக்கருவா," என்றாள்.

போன அறுவடைச் சமயம். ஆலத்தூர் பக்கம், போகிற வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று ரோட்டை அடைத்துக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார்கள். அபிநயா அதன் மேலேயே ஓட்டினாள். செடி அடியில் சுற்றிக்கொண்டு வண்டி இழுத்து நின்றது. அங்கே நின்ற பெண்கள் காத்தாயி, காத்தாயி என்று கத்தியதும், செடிக்குச் சொந்தக்காரி கருக்கரிவாளோடு வந்து தார் ரோட்டில் மல்லாந்து படுத்து அறுத்தெடுத்தாள். அபிநயா இறங்கவில்லை. ஏசியில் உட்கார்ந்தபடி, டூட்டிக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.

"ஒனக்கு டூட்டி. எனக்கு மேகம் கறுத்துக்கிட்டு வருது," என்றது அடியிலிருந்து காத்தாயியின் குரல்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போகும் முன்பே கண்ணாடியில் பெருந்துளிகள் விழுந்தன. வைப்பரைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீரமணி அந்தக் கதையைக் கேட்டபடியே அறுந்த கம்பிகளை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, டேப் சுற்றி, தொய்வாகக் கட்டினான். அவளே மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஏற்றத்தில் கியர் ஒவ்வொன்றாக வழுக்கி மாறியது. விளக்கு எரியவில்லை. ஓரமாக நிறுத்தி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சனிக்கெழம யாரும் வர வேணாம்னு சொல்லிடுண்ணே. வண்டி எனக்கு வேணும்."

ஒயரை அறுத்த அம்மாவிடமே ரிப்பேர் காசை வாங்கிவிடலாம் என்று பின் சீட்டிலிருந்து வீரமணி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காத்தாயி மழைக்கு முன்னே கூட்டி அள்ள வேண்டிய நேரம், இந்த வண்டிக்கு அடியில் போனது. ரோட்டில் கிடந்த கொள்ளு அவ்வளவும் நனைந்திருக்கும். அந்த நேரம் கிடைத்திருந்தால் ஒரு மூட்டையாவது தேறியிருக்கும்.

அந்த மூட்டைக் கொள்ளு, காத்தாயிக்கு அபிநயா இன்னும் கொடுக்காத கடன்.