சிவப்பு ராமும் பச்சை ராமும்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் பொம்மைக்காரி என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது மாடி வீட்டில், படுக்கையறை மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்கவும் பேசவும் வைப்பது அவள் தொழில். பற்பசை விளம்பரம், பள்ளிப் பாடம் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக மனசுக்குப் பிடித்த வேலை ஒன்று வந்திருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு ஒரு சின்னப் படம். குகை மாதிரி இருக்கும் அந்த இயந்திரத்துக்குள் போனதும், தடதடவென்று வரும் சத்தத்தில் பிள்ளைகள் மிரண்டு எழுந்துவிடுகிறார்களாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் பலரைப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறதாம்.

அவள் ஒரு முயலைப் படைத்தாள். காதைப் பொத்திக்கொண்டு குகைக்குள் போய், உள்ளே கேட்கும் சத்தத்துக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டு ஆடாமல் படுத்திருக்கும் முயல். எல்லாம் முடிந்து, அந்தக் குகைக் காட்சி மட்டும் பாக்கி. முயலின் ஒவ்வொரு மயிரிலும் வெளிச்சம் விழ வேண்டிய அந்தக் காட்சிக்கு வந்ததும், நினைவகம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. ராம் என்கிற நினைவகப் பட்டை ஏற்கெனவே இரண்டு இருந்தது, இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தாள். அன்றிலிருந்து பிடித்தது சனியன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும், அணைந்து அணைந்து எரியும். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும்.

புது ராமைப் போட்டுக் கொடுத்தது அவள் கொழுந்தன். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவான் என்பதால் வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். கூப்பிட்டதும் வந்தான், மூடியைக் கழற்றி, ராமெல்லாம் செருகியிருந்த பலகையை ஒரு பார்வை பார்த்தான்.

"மதர்போர்டு போச்சு அண்ணி. மாத்திடுங்க."

"போன வாரம் வரைக்கும் நல்லா ஓடின போர்டு, ராம் போட்டதும் எப்படிப் போகும் தம்பி?"

"ஆயுசு முடிஞ்சா போயிடும். அதுகிட்டப் போய்க் காரணம் கேக்க முடியுமா?"

"அது சொல்லாட்டியும் நான் கேப்பேன்" என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

அவன் போனதும் அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ராமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்த்து, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் நிரல் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தாள். நான்கு ராமோடும் அதை ஓட விட்டாள். கொஞ்ச நேரத்திலேயே திரையில் சிவப்பு வரிகள் மளமளவென்று இறங்கின. எழுதியது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று.

சரி, யார் குற்றவாளி? புதிதாக வந்த பச்சை நிற ராம் இரண்டையும் உருவிவிட்டு, பழைய சிவப்பு உறை போட்ட இரண்டை மட்டும் வைத்தாள். நிரல் முழுசாக ஓடியது. ஒரு தவறும் இல்லை. ஆக, போர்டு உயிரோடுதான் இருக்கிறது. பிறகு சிவப்பை உருவிப் பச்சையை வைத்தாள். இந்தத் தடவை கட்டாயம் மாட்டும் என்று கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். அதிலும் ஒரு தவறும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அவள் கணவர் வாசலிலேயே நின்றார். ரொட்டி வண்டி ஓட்டுபவர், சட்டையெல்லாம் மாவு வாசனை.

"என்ன, கடையே போட்டுட்டே?"

"ஏங்க, தனித்தனியா வச்சா ரெண்டும் தங்கம். ஒண்ணா வச்சா அடிச்சுக்குதுங்க."

"எங்க பெரியக்காவும் சின்னக்காவும் மாதிரின்னு சொல்லு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சாப்பாடு போட எழுந்தவள், மறுபடி உட்கார்ந்து நான்கையும் வரிசையாக வைத்து, மேலே ஒட்டியிருந்த எண்களைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான், 3200. அதைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவளும் பார்க்கவில்லை, ஜட்ஜும் பார்க்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுக்க ராம் எவ்வளவு காத்திருக்கச் சொல்லும் என்கிற கணக்கு அது. சிவப்பில் 16, பச்சையில் 22.

கம்ப்யூட்டர் முழுசாக எழுந்திருக்கும் முன் விசையைத் தட்டி, உள் அமைப்புகளை மாற்றும் பயாஸ் பக்கத்துக்குள் போனாள். அங்கே, வாங்கிய புதிதில் அவளே போட்டுவைத்த வேக அமைப்பு அப்படியே இருந்தது. தனித்தனியாக வைத்தபோது அதனதன் எண்ணைப் படித்துக்கொண்ட போர்டு, நான்கும் சேர்ந்ததும் சிவப்பின் எண்ணையே எல்லாவற்றுக்கும் போட்டிருந்தது. மூச்சு வாங்கி வாங்கி ஓடிய பச்சை, வழியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறது.

வேக அமைப்பை அணைத்தாள். நான்கும் அடங்கி ஒடுங்கி ஓடின, தவறே இல்லை. ஆனால் ஆமை வேகம். இந்த நடையில் போனால் குகைக் காட்சி முடிய அடுத்த வாரம் ஆகிவிடும். அவளுக்குப் பொறுக்கவில்லை. வேகத்தைப் பழையதற்கும் ஒரு படி மேலே ஏற்றி, காத்திருப்பை மட்டும் 18 என்று கூட்டிப் போட்டு, சேமித்து வெளியே வந்தாள்.

திரை இருண்டது. மின்விசிறி மட்டும் சுற்றியது. அணைத்துப் போட்டாள், மறுபடியும் இருட்டுத்தான். பயாஸ் பக்கத்துக்குள் போகக்கூட வழியில்லை.

"என்னம்மா, முகமே மாறிப்போச்சு?" என்று சோற்றில் கை வைத்தபடி கேட்டார் கணவர்.

"நானே கெடுத்துட்டேன் போலங்க."

ஜட்ஜைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தவள், எடுத்த வேகத்தில் கீழே வைத்தாள். தான் போட்ட கணக்கைத்தான் அது பிடித்து வைத்திருக்கிறது, அதை மறக்கடித்தால் போதும். மின்கம்பியைப் பிடுங்கினாள். போர்டின் ஓரத்தில், அந்தக் கணக்கை மறக்காமல் காத்துவந்த காசு அளவுப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கணவருக்கு மோர் ஊற்றினாள், பாத்திரம் கழுவினாள். பிறகு பேட்டரியைத் திரும்பப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் வெளிச்சம் வந்தது. தேதி நேரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பிறந்த குழந்தை மாதிரி விழித்தது கம்ப்யூட்டர்.

இனிமேல் அவசரம் இல்லை. முதலில் இடத்தைச் சரிசெய்தாள். ஜட்ஜ் சிவப்பு இரண்டையும் ஒரு பக்கம், பச்சை இரண்டையும் ஒரு பக்கம் அடுத்தடுத்துச் செருகியிருந்தான். ஒன்று விட்டு ஒன்று என்று ஜோடி மாற்றிப் போட்டாள். பயாஸில் வேகத்தை 3200-க்கு ஒரு படி கீழே, 2933 ஆக்கினாள். காத்திருப்பை 22 என்று பச்சைக்கு ஏற்றபடி வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். சிவப்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, பச்சை கொஞ்சம் எட்டி நடந்தது. சோதனை நிரல் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓடியது. சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை ஓட விட்டாள். அப்போதும் இல்லை.

மறுநாள் காலையில் குகைக் காட்சியைத் தொடங்கிவைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பார்த்தால் கண் பட்டுவிடும் போல இருந்தது. துணி துவைத்தாள், மாடியில் காயப்போட்டாள், இறங்கி வந்தாள். வெயில் தாழும்போது கதவைத் திறந்தாள். முயல் குகைக்குள் படுத்துத் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மயிரும் தெரிய.

ஜட்ஜுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, போர்டு பொழச்சுக்கிச்சு. அப்பீல்ல விடுதலை."

"அண்ணி, என்ன நம்பர் போட்டீங்க?" என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் அதைத் தாளில் குறித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் படத்தைப் போட்டார்கள். டாக்டர்கள் தலையை ஆட்டினார்கள், நல்லா இருக்கு என்றார்கள். அது அவளுக்குப் போதவில்லை. அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்கும் பெண்மணி போனில் கூப்பிட்டபோதுதான் போதுமென்று ஆனது. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, இயந்திரத்தைப் பார்த்ததும் அழுது ஓடிய ஒரு சிறுமி, படத்தைப் பார்த்துவிட்டு மருந்தே இல்லாமல் படுத்தாளாம்.

"அசையவே இல்லைங்க. உள்ளேயிருந்து முணுமுணுன்னு ஒரு சத்தம். என்னன்னு மைக்கைத் திறந்து கேட்டா, உங்க முயல் பாட்டைப் பாடிட்டிருக்கா."

பொம்மைக்காரி போனைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். "ராகம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.