வாங்கும் பக்கம் துண்டித்தது

ஒரு வாரமாக என் புரோகிராமைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவள் நான்தானே, வேறு யாரைத் திட்டுவது?

ஆஸ்பத்திரிப் படுக்கையருகே இருக்கும் கருவிகளின் நாடித்துடிப்பை நர்ஸ் மேசைத் திரைக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. அனுப்பும் பக்கத்துக்கான புரோகிராமை எழுதியவர் அத்தான், என் அக்கா புருஷன். வாங்கும் பக்கம் என்னுடையது. இரண்டும் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவை. தினமும் இணைப்பு அறுந்துபோகும். அவர் புரோகிராம் ஒரே செய்தியைக் காட்டும்: ‘வாங்கும் பக்கம் இணைப்பைத் துண்டித்தது.’

காலையில் மேனேஜர் பொறுமையிழந்துவிட்டார். "இன்னைக்குள்ள சரி பண்ணலேன்னா நாளைக்கு நீங்க வரவேண்டாம்மா."

பக்கத்தில் நின்ற அத்தான், "பாவம் சார், முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன்!

அவர் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு சோதனைக்காக, அனுப்பும் புரோகிராம் ஓடும் அவர் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். நெட்வொர்க்கே இல்லை என்றல்லவா செய்தி வரவேண்டும்? மறுபடியும் ‘வாங்கும் பக்கம் துண்டித்தது.’ கேபிளே இல்லாதபோது நான் எங்கே போய்த் துண்டிப்பேன்?

அவர் ஃபைலைத் திறந்தேன். சி-யில் ஒரு கட்டளை தோற்றால், தோற்றது என்று மட்டும்தான் சொல்லும். காரணம் எர்னோ என்ற எண்ணில் கிடக்கும், அதைக் கையோடு எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டும் வரிகள் அங்கே இருக்கத்தான் செய்தன. யாரோ அவற்றை, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத கமெண்ட்டுக்குள் போட்டு ஊமையாக்கிவிட்டு, எந்தத் தோல்விக்கும் என்னைக் குற்றம் சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அந்த ஃபைலை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை.

வரிகளைத் திரும்ப உயிர்ப்பித்து, கேபிளைச் செருகி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உண்மையான செய்தி வந்தது: அளவுக்கு மீறி இணைப்புகள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் புது இணைப்பைத் திறந்தவர் பழையதை மூடவே இல்லை. சின்னத் தப்பு. என்னிடம் சொல்லியிருந்தால் நானே திருத்திக் கொடுத்திருப்பேன்.

அத்தான் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க?"

"போன மாசமே மேனேஜர் எனக்குக் கடைசி எச்சரிக்கை குடுத்துட்டாரு. இன்னொரு தப்புன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்." குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

பொய் என்றுதான் நினைத்தேன். அவர் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அதிர்ந்துபோவாள், அவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"உனக்கென்னடி, ஒத்த ஆளு" என்றாள் அக்கா. "வேற வேலை தேடிக்குவே. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

அத்தான் செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். நான் போனை வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.