நகர்ந்த எல்லைக்கல்

நாலு நாள் வெம்பாக்கம் போய்த் திரும்பிய கீதாவுக்கு ரத்தம் கொதித்தது. தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எல்லைக்கல், அவள் மனைக்குள் எட்டடி தள்ளி நின்றது.

"கல்லு அங்கயேதான் இருக்குது. வேணும்னா கயிறு புடிச்சுப் பாரு" என்றார் பக்கத்து மனைக்காரர் வீரபாகு. கயிறு எப்படிப் போகும்? கல் இருக்க வேண்டிய மூலையில் வந்து சேரும் இரண்டு சாய்வு வேலிக்கோடுகள் நெடுகிலும் அவர் செங்கல் கொட்டி வைத்திருந்தார்.

கீதா பத்திரத்து வரைபடத்தைப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதினாள். தெருமுனையிலிருந்து கிழக்கே x அடி, வடக்கே y அடி. ஒரு வேலிக்கோடு x + y = 60. மற்றது x − y = 20.

"இன்னாம்மா, எனக்கு டியூஷன் எடுத்துகினு இருக்கியா?"

"ஆமாங்க, ஃபீஸ் வேணாம். ரெண்டையும் கூட்டினா 2x எண்பது. x நாப்பது, y இருபது. கல்லு அங்கதான் இருக்கணும்."

டேப்பை இழுத்து அளந்து, அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டாள். இரண்டாவது குத்திலேயே மண் பொதுக்கென்று உள்வாங்கியது. கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுமணல் அடைத்த குழி.

வீரபாகுவின் குரல் இறங்கியது. "ஆள் வுட்டு நட்டுடறேம்மா."

"ஆள் எதுக்கு?" கடப்பாரையை அவர் கையில் திணித்தாள். "நீங்களே நட்டு வைங்க. நான் பாத்துகினு இருக்கேன்."